வேட்டை நாய்க்கு இ-காலர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்போது அழுத்துவது?

புதர்வழி

வணக்கம். என்னிடம் ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயின்டர் இருக்கிறாள். ஒன்றரை வயது. நல்ல மோப்பம். காடையின் வாடை பட்டதும் முன்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். வெட்டவெளியில் விசில் ஊதினால் திரும்பி வருவாள். சிக்கல் முயலும் மானும்தான். ஒன்று குறுக்கே ஓடிவிட்டால் போதும், விசிலும் காதில் விழுவதில்லை, பெயரும் விழுவதில்லை. கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டு, நாக்கு தொங்கத் திரும்பி வருகிறாள். சாலைப் பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இ-காலர், அதாவது ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் ஷாக் கொடுக்கும் மின் பயிற்சிப் பட்டை, வாங்கலாம் என்று பார்க்கிறேன். மூன்று வகை கண்ணில் பட்டன. ஒன்றில் ஷாக்கின் அளவுக்கு 10 நிலைகள், ஒன்றரை கிலோமீட்டர் தூரம் எட்டும் என்கிறார்கள். இரண்டாவதில் ஜிபிஎஸ் வரைபடமும் இருக்கிறது, 18 நிலைகள், 14 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மூன்றாவது சிறியது, 800 மீட்டர்தான், ஆனால் 100 நிலைகள். தூரம் அதிகம் என்பதால் இரண்டாவதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. பறவையைச் சுட்டி நிற்கும் நாய்க்கு இதைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். அவளுடைய நல்ல குணம் கெட்டுவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

ஈரவால்

தூரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெட்டியில் அச்சிடும் தூரம், இடையில் ஒரு புல்கூட இல்லாத சமவெளியில், நேர்ப்பார்வையில் அளந்தது. மரம், மேடு, ஈர இலை, நாயின் உடல் எல்லாமே ரேடியோ அலையைத் தின்னும். ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டால் உங்கள் உடலும் தின்னும். அடர்ந்த புதரில் அந்த எண்ணில் ஒரு பகுதி கிடைத்தாலே பெரிது.

அது போகட்டும். 14 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாய்க்கு எதற்காக அழுத்தப்போகிறீர்கள்? அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே. பயிற்சி நடப்பது ஐம்பது, நூறு, அதிகம் போனால் முந்நூறு மீட்டருக்குள். தொலைந்த நாயைத் தேடுவது வேறு வேலை, அதற்குத்தான் ஜிபிஎஸ். இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால் ஒரே வேலை என்று ஆகிவிடாது.

நீளக்கயிறு

நான் மாறுபடுகிறேன். வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்றரை வயது நாய் முயலைத் துரத்துவது குற்றமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நாமே தேர்ந்து தேர்ந்து வளர்த்த குணம் அது. வெட்டவெளியில் விசிலுக்கு வருகிறாள் என்றால் அங்கே அவளுக்கு வேறு வேலை இல்லை என்று பொருள். முயலுக்கு முன்னால் வரும் அளவுக்கு அந்த விசில் இன்னும் கற்பிக்கப்படவில்லை. கற்பிக்காத பாடத்துக்கு வலியைக் காட்டுவது நியாயமில்லை.

பத்து மீட்டர் கயிறு, மார்பில் மாட்டும் பட்டை, ஊதினால் நின்றே ஆகவேண்டிய ஒரு விசில், நின்றதும் அவள் உயிரையே விடும் ஒரு பரிசு. என் நாய்கள் எல்லாம் இப்படித்தான் பழகின. நின்ற நாய்க்குப் பரிசாக ஒரு துணிப்பந்தை எதிர்த்திசையில் வீசி, அதைத் துரத்த விடுகிறேன். துரத்தும் ஆசையை அழிக்காமல் அதையே கூலியாகக் கொடுக்கும் வழி இது. நேரம் எடுக்கும். ஆனால் நாய் நம்மைக் கண்டு ஒடுங்காது.

வரப்போரம்

நீளக்கயிறு சொன்னதில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன், புதர்வழி. கயிறும் விசிலும் முடியாமல் பட்டையைத் தொடவே கூடாது. பட்டை எதையும் கற்றுக்கொடுக்காது. கற்றது நினைவுக்கு வராத தூரத்தில் அதை நினைவூட்டும், அவ்வளவுதான். பாயின்டர், செட்டர் இனங்களோடு நீண்ட காலமாக வேலை செய்கிறேன், என் நாய்களுக்கு மின் பட்டை பயன்படுத்தவும் செய்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வாங்குவது. நிலைகளின் எண்ணிக்கையைவிட, நிலைக்கு நிலை ஏற்றம் எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதே முக்கியம். டாக்ட்ரா பட்டைகள் சிலவற்றில் 127 வரை உண்டு, எஜுகேட்டரில் 100 வரை உண்டு, வேறு சிலவற்றில் 10 மட்டுமே. ஒன்றின் 5 மற்றொன்றின் 5 ஆகாது, எனவே நண்பர் சொன்ன எண்ணை உங்கள் பட்டையில் வைக்காதீர்கள். மலிவான பட்டைகளில் நான் கண்ட பெரிய குறை, 3 வரை ஒன்றும் உணராத நாய் 4-ல் கத்திவிடும். நடுவில் படியே இல்லை. வாங்கியதும் இரண்டு உலோக முனைகளையும் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் அழுத்திவைத்து, 1-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். நாயின் தோலும் நம் தோலும் ஒன்றில்லைதான். ஆனால் ஏற்றம் சீராக இருக்கிறதா, திடீரென்று தாவுகிறதா என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யத் தயங்குபவர் நாய்க்கும் மாட்ட வேண்டாம்.

அடுத்து பொத்தான். ரிமோட்டைப் பார்க்காமல், கையுறை போட்ட விரலால், எது ஒலி, எது அதிர்வு, எது தூண்டல் (ஷாக்) என்று தெரியவேண்டும். நிலையை மாற்றும் சக்கரம் பையில் உரசித் தானாகத் திரும்பிவிடக் கூடாது. பூட்டும் வசதி இருந்தால் நல்லது. கணநேரம் மட்டும் வரும் தூண்டல், அழுத்திப் பிடிக்கும் வரை வரும் தூண்டல் இரண்டும் வேண்டும். நல்ல பட்டைகளில் இரண்டாவது வகை ஏறத்தாழ 8 முதல் 12 விநாடிக்குள் தானே நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பு இல்லாததை வாங்காதீர்கள்.

நீர்காப்பு ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பாயின்டருக்கு அது போதும். ஈரவாலின் நாய்கள் நீரிலேயே கிடப்பவை, அவருக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கும்.

இனி பயன்படுத்துவது. பட்டையை அணைத்து வைத்தே சில வாரங்கள் மாட்டுங்கள். வெளியே கிளம்பும்போது மாட்டி, வீடு திரும்பி வெகுநேரம் கழித்துக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் நாய் பட்டையை எடைபோடக் கற்றுக்கொள்ளும்: கழுத்தில் இருந்தால் சொன்னபடி கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. அந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது கடினம்.

பிறகு அவளுடைய நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அமைதியான இடம், நாய் சும்மா நிற்கிறாள். 1-லிருந்து கணநேரத் தூண்டல் கொடுத்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். காது ஒருமுறை அசையும், அல்லது ஈ கடித்ததாக நினைத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள், கண் சிமிட்டுவாள், சொறிவாள். அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் அவளுடைய நிலை. கத்தினால் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

அந்த நிலையில், நீளக் கயிற்றைக் கட்டியபடியே, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த அழைப்பை மீண்டும் சொல்லிக் கொடுங்கள். விசில் ஊதி, கயிற்றை மெல்ல இழுத்து, அதே நேரம் தூண்டலை அழுத்துங்கள். அவள் தலை உங்கள் பக்கம் திரும்பிய அந்தக் கணமே விரலை எடுங்கள். உங்களிடம் வந்து சேர்ந்த பிறகு அல்ல, திரும்பிய கணமே. தூண்டலை நிறுத்துவது அவள் கையில் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவேண்டும். இது புரியாத நாய்க்குப் பட்டை என்பது எங்கிருந்தோ வரும் தண்டனை, வேறொன்றும் இல்லை. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் நாய்க்குத் தானாக வராது. வீட்டுப் புறம், வயல், புதர், நீரோரம் என்று ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து செய்யவேண்டும்.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். மூக்கில் பறவையின் வாடை இருக்கும்போது பொத்தானை அழுத்தாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அவள் நகர்ந்துவிட்டாலும், பறவையைக் கிளப்பிவிட்டாலும் வேண்டாம். அந்தக் கணத்தில் நாய் நினைத்துக்கொண்டிருப்பது பறவையை மட்டும். வலி வந்தால் அது பறவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு வாடை பிடித்ததும் விலகிப் போகும், சுற்றிக்கொண்டு போகும், உங்கள் காலடிக்கு வந்து நின்றுவிடும். இப்படிக் கெட்ட நல்ல நாய்களைப் பலர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். சிலவற்றைத் தேற்ற முடிந்தது. சில திரும்பவே இல்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னும் பின்னும் இதே விதி.

புதர்வழி

நன்றி அக்கா. இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. இரண்டு கேள்விகள்.

சும்மா நிற்கும்போது கண்டுபிடித்த நிலை, முயலின் பின்னால் ஓடும்போது எப்படிப் போதும்? அப்போது அவளுக்கு எதுவுமே உணராதே.

அடுத்தது, அதிர்வு மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா? வலி இல்லாத வழி என்பதால் கேட்கிறேன்.

வரப்போரம்

முதல் கேள்வி சரியான கேள்வி. கிளர்ச்சி ஏறும்போது உணர்வு மங்கும், அது உண்மை. அதனால்தான் ஒரேயடியாக முயலிடம் போகக் கூடாது என்கிறேன். முதலில் தூரத்தில் மேயும் ஆடு, பிறகு தரையில் இழுத்த முயல்தோல், பிறகு கூண்டில் இருக்கும் முயல். ஒவ்வொன்றிலும் அவள் திரும்பும் நிலை எது என்று குறித்துவைத்தால், உண்மையான முயல் ஓடும்போது எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதற்கு முன்கூட்டியே விடை இருக்கும். பதற்றத்தில் சக்கரத்தை உச்சிக்குத் திருப்புகிறவர்கள் இந்த வேலையைச் செய்யாதவர்கள்.

வரிசையை மறக்காதீர்கள். முதலில் விசில். அவள் திரும்ப ஒரு வாய்ப்பு. திரும்பாவிட்டால்தான் தூண்டல். விசில் இல்லாமல் தூண்டல் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

அதிர்வைப் பற்றி ஈரவால் சொல்லட்டும்.

ஈரவால்

அதிர்வு மென்மையானது என்று நாம்தான் நினைக்கிறோம். என்னுடைய ஸ்பானியல்களில் ஒருத்தி குறைந்த தூண்டலுக்குக் காதை மட்டும் அசைப்பாள், அதிர்வுக்கு வாலைக் கவட்டைக்குள் ஒடுக்கிக்கொண்டு என் காலுக்கடியில் புகுந்துவிடுவாள். கழுத்தெலும்பு வரை அதிர்வதும் அந்தச் சத்தமும் சில நாய்களுக்குப் பெரும் பீதி. வேறு சில நாய்கள் சட்டையே செய்வதில்லை. எனவே அதையும் புதிய பொருளாகவே அறிமுகப்படுத்துங்கள். காது கேளாத நாய்களுக்கு அதிர்வு மிக நல்ல துணை. அதிர்ந்தால் என்னைப் பார், பார்த்தால் பரிசு என்று பழக்கிவிடலாம்.

பீப் ஒலிக்கும் இதே வழிதான். ஒலி வந்தால் திரும்பு என்று உணவு கொடுத்தே பழக்கிய நாய்களுக்குப் பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

தடம்தேடி

நான் மோப்பத் தடம் பிடித்து ஓடும் ஹவுண்டுகளை வைத்திருப்பவன். ஜிபிஎஸ் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வேலையில் நாய் பல கிலோமீட்டர் போகும், அதனால் வரைபடம் இல்லாமல் முடியாது. ஆனால் வரைபடத்தை நம்பிப் பொத்தானை அழுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். கார்மின் ஆல்ஃபா வகைக் கருவியில் நாயின் இடம் மிக விரைவாகப் புதுப்பிக்கப்படும் நிலையிலேயே 2.5 விநாடிக்கு ஒருமுறைதான் வரும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும் நாய் அதற்குள் 20 மீட்டர் கடந்துவிடும். மின்கலத்தைச் சேமிக்க அந்த இடைவெளியை நீட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம். நாய் விலகி ஓடுகிறது என்று திரை காட்டும் நேரத்தில் அது ஏற்கெனவே உங்களை நோக்கித் திரும்பியிருக்கலாம். திரும்பி வரும் நாய்க்கு அடி விழுந்தால் என்ன கற்றுக்கொள்ளும்? உங்களிடம் வந்தால் வலிக்கும் என்று. பாயின்டர் என்றால் இன்னும் ஆபத்து, திரையில் நின்றுவிட்ட புள்ளி ஒருவேளை பறவையைச் சுட்டி நிற்கும் நாயாக இருக்கும்.

கண்ணால் பார்க்க முடியாத நாய்க்கு நான் தூண்டல் கொடுப்பதே இல்லை. மான் தடத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்தாலும், குறுக்கே போய் எதிர்கொண்டு, கண்ணில் பட்ட பிறகுதான் விசிலும் மற்றதும்.

வாங்குவதற்கு முன் ரேடியோ அலைவரிசையையும் கவனியுங்கள். அமெரிக்காவில் விற்கும் நாய்த்தேடிகள் 151.82 முதல் 154.60 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஐந்து அலைவரிசைகளில், 2 வாட் வரை ஒலிபரப்புகின்றன. அங்கே அதற்கு உரிமம் தேவையில்லை. வேறு நாடுகளில் அதே அலைவரிசை அவசர ஊர்திகளுக்கோ கப்பல்களுக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேற்று நாட்டுக் கருவியை வாங்கினால் சிக்கல். உங்கள் நாட்டுக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள்.

கால்நடைமருந்து

மருத்துவராக ஒன்றைச் சேர்க்கிறேன். கழுத்தில் இரண்டு புண்களோடு நாயைக் கொண்டுவந்து, பட்டை சுட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது மின்சாரத்தால் வந்த தீப்புண் அல்ல. பட்டையை இறுக்கிக் கட்டி நாள் முழுக்கக் கழற்றாமல் விட்டதால், முனை அழுத்திய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போயிருக்கும். அணைத்து வைத்த பட்டையாலும் இது வரும். வரப்போரம் சொன்னபடி பல வாரம் சும்மா மாட்டும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும்.

கழுத்தின் மேல்பகுதியில், காதுகளுக்குக் கீழே கட்டுங்கள். முனைகள் மூச்சுக்குழாயின் நேர் மேலே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையவேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் முனை தோலை விட்டு விலகும். விலகினால் தூண்டல் சில நேரம் படும், சில நேரம் படாது. அதைப் பார்த்து நிலையை ஏற்றிவிட்டு, பிறகு முழுதாகப் பட்டதும் நாய் அலறும். இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. ஒன்றிரண்டு மணிக்கொருமுறை இடத்தை மாற்றுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள், முனைகளையும் கழுத்தையும் துடைத்துக் காயவையுங்கள்.

உங்கள் ஷார்ட்ஹேருக்குக் குட்டையான முனைகளே போதும். செட்டர், கம்பிமுடி இனங்களுக்கு நீள முனைகள் தேவைப்படும். தோல் சிவந்து தடித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், டைட்டானியம் முனைகள் கிடைக்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி, இதய நோய் அல்லது வலிப்பு உள்ள நாய், சினையாக இருக்கும் நாய், இவற்றுக்குக் கட்டாயம் வேண்டாம். இயல்பிலேயே அஞ்சும் நாய்க்கும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது எந்தப் பரிசோதனையிலும் தெரியாது, அதை வளர்ப்பவர்தான் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

நீளக்கயிறு

எல்லோரும் பட்டையை எப்படிக் கட்டுவது என்பதிலேயே இறங்கிவிட்டீர்கள். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும்.

பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மின் பட்டையில் பழகிய நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. பட்டையால் தனிப்பட்ட நன்மை எதுவும் தெளிவாகக் கிடைக்கவில்லை. அதே தரவை வைத்து 2020-ல் வந்த கட்டுரையில், கூப்பிட்டால் வராத 63 நாய்களை மூன்று குழுவாக ஒப்பிட்டார்கள். பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்கள் முதல் அழைப்பிலேயே கீழ்ப்படிவதில் மற்றவற்றைவிட முன்னால் நின்றன. அதிலும் கவனியுங்கள், பட்டையைக் கையாண்டவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர், தொழில்முறைப் பயிற்சியாளர்கள். அவர்கள் கையிலேயே கூடுதல் பயன் இல்லை என்றால், முதல்முறை வாங்கும் ஒருவர் கையில் என்ன கிடைக்கும்? இதற்குப் பதில் வேண்டும்.

வரப்போரம்

பதில் சொல்லவேண்டிய கேள்விதான். அந்த ஆய்வை நான் மதிக்கிறேன், மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தார் 2024-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். வேகமாக ஓடும் போலி இரையைத் துரத்தும் நாய்கள், மொத்தம் 19. பட்டை கட்டிய நாய்கள் மிக விரைவிலேயே துரத்துவதை நிறுத்தின. உணவு கொடுத்துப் பழக்கிய குழுக்கள் அந்தக் காலத்துக்குள் நிறுத்தவில்லை. தூண்டல் பட்டபோது நாய்கள் கத்தின என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஜெர்மனியின் ஹன்னோவரில் 14 பீகிள்களை வைத்துச் செய்து 2007-ல் வந்த ஆய்வு. மூன்று குழு. ஒரு குழுவுக்குப் போலி முயலைத் தொட்ட கணத்தில் தூண்டல். இரண்டாவதற்கு, வேட்டையின் நடுவே கூப்பிட்டு வராதபோது. மூன்றாவதற்குக் காரணமே இல்லாமல், கண்டபடி. எச்சிலில் இருந்த கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தால், காரணம் தெளிவாக இருந்த முதல் குழு அமைதியாக இருந்தது. கண்டபடி வாங்கிய குழுவில்தான் மிக அதிகம். அழைப்புக் குழு இடையில் நின்றது. மின்சாரத்தின் அளவு ஒரு பக்கம், அது ஏன் வந்தது என்று நாய்க்குத் தெரியாமல் போவது இன்னொரு பக்கம். நாயைச் சிதைப்பது இரண்டாவதுதான். அழைப்பு சரியாகப் பதியாத நாய்க்கு, கூப்பிட்டு வராததற்காகக் கொடுக்கும் தூண்டல், கண்டபடி கொடுப்பதன் பக்கம்தான் சாயும். நான் கயிற்றில் அத்தனை வாரம் செலவிடச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முதல்முறை வாங்குபவர் கையில் என்ன கிடைக்கும் என்றீர்கள். கயிற்று வேலையைச் செய்யாதவர் கையில் தீங்குதான் கிடைக்கும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

நீளக்கயிறு

ஹன்னோவர் ஆய்வை நீங்கள் படித்த விதம் நேர்மையானது. ஆனால் நீங்கள் சொல்லும் கயிற்று வேலையை முழுதாகச் செய்தால் பெரும்பாலான நாய்களுக்குப் பட்டையே தேவைப்படாது என்பதையும் நீங்கள் ஏற்கவேண்டும்.

வரப்போரம்

பல நாய்களுக்குத் தேவைப்படாது. ஏற்கிறேன். மிஞ்சும் சில நாய்களும் சாலைகளும்தான் நமக்குள் இருக்கும் வேறுபாடு.

ஆற்றுப்படுகை

சட்டத்தை யாரும் சொல்லவில்லையே. இது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. வேல்ஸில் 2010 முதல் தடை. ஜெர்மனியில் 2006-ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வேட்டைக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்: கருவி கணிசமான வலி தரவல்லதாக இருந்தாலே போதும், நீங்கள் எந்த நிலையில் வைத்தீர்கள் என்பது கணக்கில் வராது. குறைந்த நிலையில்தான் வைத்தேன் என்பது அங்கே எடுபடாது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளிலும் தடை உண்டு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் வரவிருந்த தடை நடைமுறைக்கு வரவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 2024-ல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடையில் விற்பதாலேயே பயன்படுத்த அனுமதி உண்டு என்று நினைக்கவேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நியூசிலாந்தில் கிவிப் பறவைகள் வாழும் காடுகளுக்கு வேட்டை நாயைக் கொண்டுபோக, கிவியைத் தவிர்க்கும் பயிற்சி பெற்ற சான்றிதழ் கேட்கிறார்கள். பறக்க முடியாத அந்தப் பறவையை நாய் ஒரே கடியில் கொன்றுவிடும். பாடம் செய்த கிவியையும் அதன் எச்சத்தையும் வைத்து, நாய் மோப்பம் பிடித்து நெருங்கும் கணத்தில் பட்டையால் தூண்டல் கொடுத்தே பழக்குகிறார்கள். ஒரு நாட்டில் சட்டம் தடுப்பதை இன்னொரு நாட்டில் அரசுத் துறையே ஊக்குவிக்கிறது.

தடம்தேடி

பாம்பைத் தவிர்க்கும் பயிற்சியும் இதே முறைதான். அதில் நாயை வளர்ப்பவர் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, கூப்பிடவும் கூடாது. பாம்பின் வாடைக்கும் சீறலுக்கும் வலிக்கும் மட்டுமே தொடர்பு இருக்கவேண்டும். நாம் குறுக்கே பேசினால், நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பாம்பு ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். அழைப்புப் பயிற்சிக்கு நேரெதிரான வழி என்பதால் இரண்டையும் ஒரே காலத்தில் தொடங்காதீர்கள். இதைச் சொந்தமாகச் செய்யவும் வேண்டாம், தேர்ந்தவரிடம் போங்கள்.

புதர்வழி

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். முடிவைச் சொல்கிறேன். 14 கிலோமீட்டர் கருவியை விட்டுவிட்டேன். இங்கே சட்டத் தடை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, 100 நிலைகள் உள்ள சிறியதை வாங்கினேன். முன்கையில் வைத்துப் பார்த்தேன், ஏற்றம் சீராக இருக்கிறது. 12-ல்தான் ஏதோ ஊர்வதாக உணர்ந்தேன். அவளுக்கு இன்னும் இயக்கவில்லை, அணைத்தபடியே மாட்டுகிறேன். நீளக்கயிறு அண்ணன் சொன்ன எதிர்த்திசைத் துணிப்பந்து வேலையையும் தொடங்கிவிட்டேன், அவளுக்கு அது பைத்தியமாகப் பிடித்திருக்கிறது. அதிலேயே முயல் அடங்கிவிட்டால் பட்டை பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஒரு கேள்வி மிச்சம். அடங்காவிட்டால், உண்மையான முயலோடு முதல் சோதனையை எங்கே, எப்படி வைப்பது? அது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீளக்கயிறு

பந்து வேலையில் ஒரு திருத்தம். விசிலுக்கு நின்ற பிறகுதான் பந்து உங்கள் பையிலிருந்து வெளியே வரவேண்டும். முன்பே கையில் தெரிந்தால் அவள் பந்துக்காக நிற்கிறாள், விசிலுக்காக அல்ல.

வரப்போரம்

இடத்தைத் தேர்வதில்தான் பாதி வேலை. அறுவடை முடிந்த திறந்த வயலைப் பாருங்கள். புதர் ஓரத்தில் முயல் வரும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும், வயலின் எந்த மூலையிலும் அவள் கண்ணிலிருந்து மறையக் கூடாது. சாலை எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். பறவைப் பருவம் இல்லாத நாளாக, துப்பாக்கி இல்லாமல் போங்கள். உங்கள் கவனம் முழுக்க அவள் மேல் இருக்கவேண்டும். காற்று உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து அடித்தால் விசில் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்.

நீளக்கயிறு கழுத்தில் இருக்கக் கூடாது, மார்புப் பட்டையில் கட்டித் தரையில் இழுபடட்டும். கைப்பக்கத்து முனையில் முடிச்சோ வளையமோ வேண்டாம், புதரில் சிக்கும். முயல் எழுந்ததும் உடனே ஊதுங்கள், அவள் நாலு பாய்ச்சல் போன பிறகு அல்ல. துரத்தல் சூடு பிடிப்பதற்கு முன் ஊதிய விசிலுக்கு வாய்ப்பு அதிகம். திரும்பிவிட்டால் ரிமோட்டைத் தொடவே தேவையில்லை, பந்தை எடுத்து எதிர்த்திசையில் வீசுங்கள். திரும்பாவிட்டால், முயல்தோல் பயிற்சியில் குறித்துவைத்த நிலையில் அழுத்துங்கள், தலை திரும்பியதும் விடுங்கள். அதற்கும் திரும்பவில்லை என்றால் நிலையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கயிற்றை மிதித்து நிறுத்தி, அன்றைக்கு முடித்துக்கொண்டு, மறுபடியும் கூண்டு முயலுக்குத் திரும்புங்கள். ஒரு நாளில் ஒரு முயல் போதும்.

கிளம்பும் முன் பட்டையின் சார்ஜைப் பாருங்கள். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும்.